திரும்பிப் போன புயல்

ஐப்பசி பிறந்துவிட்டால் அடையாறில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் வானிலைதான் பேச்சு. காய்கறி வண்டிக்காரரிடம் கத்தரிக்காய் விலையைக் கேட்பதற்கு முன்பே "எங்கே கரையைக் கடக்குமாம்?" என்ற கேள்வி வந்துவிடும். வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை உருவாகி, வலுத்து, பெயர் வாங்கிக்கொண்டு நகரத் தொடங்கினால் நாகப்பட்டினமா, சென்னையா, நெல்லூரா என்று ஆளாளுக்குக் கணக்குப் போடுவோம். வடக்கே திரும்பிவிட்டது என்று நுங்கம்பாக்கத்திலிருந்து தகவல் வந்ததும் மொட்டை மாடியில் இறுக்கிக் கட்டிய கயிறுகளை அவிழ்ப்போம். "ஆந்திராவுக்குப் போயிடுச்சு" என்ற ஒரு வாக்கியத்தோடு அந்தப் புயல் எங்கள் பேச்சிலிருந்தும் போய்விடும்.

2014 அக்டோபரில் ஹுத்ஹுத் அப்படித்தான் போனது. ஓமன் நாடு கொடுத்த பெயர் அது. கொண்டலாத்திப் பறவையைக் குறிக்கும். அந்தமான் பக்கத்திலிருந்து கிளம்பி, எங்களைத் தொடாமல், அக்டோபர் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையேறியது. வேரோடு சாய்ந்த மரங்களையும் சிதைந்த விமான நிலையத்தையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். இரண்டு நாள் கழித்து நேபாள மலையில் பனிப்புயல், பலர் பலி என்று வேறொரு செய்தி வந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. மயிலாப்பூரிலிருந்து அத்தைதான் போன் செய்தாள். "பேப்பர் பார்த்தியோ? அந்த மலைடி. நாம போன மலை."

அத்தையின் வீடு கேசவப் பெருமாள் கோயிலுக்கும் சித்திரக்குளத்துக்கும் இடையில் இருந்தது. பேயாழ்வார் அவதரித்த ஊரில் வாழ்க்கைப்பட்டதில் அவளுக்குப் பெரிய நிறைவு. அந்தத் தெருக்களில் வயதானவர்கள் சந்தித்துக்கொண்டால் முழங்கால் வலிக்கு அடுத்தபடியாகப் பேசுவது திவ்யதேசக் கணக்கு. நூற்றெட்டில் 105 இந்தியாவிலேயே இருக்கின்றன. திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த உடம்போடு போகக்கூடிய இடங்கள் இல்லை. மிச்சம் ஒன்று நேபாளத்தில்: திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம். முக்திநாத்தையே அந்தத் தலமாகக் கொண்டு நம்மவர்கள் சேவிக்கப் போகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிற கோயில். பௌத்தர்களுக்கும் அது புனிதத் தலம். அத்தைக்கு மலையாள தேசத்துத் தலங்கள் முடிந்திருந்தன, வடநாட்டில் பத்ரியும் முடிந்திருந்தது. முக்திநாத் பாக்கி.

ஆனால் அந்த மலையின் ஒரு துண்டு அவள் வீட்டில் எப்போதும் இருந்தது. அத்திம்பேர் தினமும் காலையில் திருவாராதனம் செய்கிற சாளக்கிராமம். வெள்ளித் தட்டில், துளசிக்கு நடுவே, கறுத்து வழவழத்த ஒரு கல். சிறுமியாக நான் அதன் சக்கரக் கோடுகளை எட்ட நின்று பார்த்திருக்கிறேன். காளி கண்டகி ஆற்றுப்படுகையில் கிடைப்பது. நிலவியல் படித்த அத்தை மகன் ஒருநாள் அதைப் பற்றிச் சொன்னான். இமயமலை எழும்புவதற்கு முன்னால் அங்கே டெதிஸ் என்ற கடல் கிடந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைட் என்ற சுருள்கூட்டு உயிரினம் சேற்றில் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் கல்லாகிவிட்டது. இந்திய நிலத்தட்டு ஆசியாவை முட்டியபோது அந்தக் கடலடி மடங்கி மலையாக உயர்ந்தது. ஆறு மலையை அறுக்கும்போது கல் வெளியே வருகிறது. அத்தை கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்போ பெருமாள் கடல்லேருந்துதான் மலைக்குப் போயிருக்கார்னு சொல்லு" என்றாள். அவளுக்கு அது சரியாகவே பட்டது.

ஹுத்ஹுத்துக்கு இரண்டொரு வருடம் முன்பு, மாசி மாதக் கடைசியில், அத்தைக்குத் துணையாக நானும் அந்த யாத்திரைக்குக் கிளம்பினேன். பனி என்றால் எனக்கு அதுவரை சினிமாதான். 1961இல் ஸ்ரீதர் 'தேன் நிலவு' படத்துக்காகக் காஷ்மீருக்கே போனதை அம்மா சொல்வாள். என் காலத்துக்கு 'ரோஜா'. பாட்டில் யாரும் வழுக்கி விழுவதில்லை, சாலை அடைபடுவதில்லை. தி. நகரில் கம்பளி உடை தேடி அலைந்தோம். பாண்டி பஜாரில் குல்லாவும் காலுறையும் கிடைத்தன. கனமான கோட்டுகள் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த உறவினர் வீட்டுப் பரணிலிருந்து பாச்சை உருண்டை வாசனையோடு இறங்கின. புடவைக்கு மேல் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அத்தை கண்ணாடி முன்னால் நின்றது இப்போதும் தெரிகிறது.

சென்ட்ரலில் ரப்திசாகர் ஏறி கோரக்பூர், அங்கிருந்து சுனௌலி எல்லை, பிறகு போக்ரா. எங்களோடு சமையல்காரர்களும் அண்டா குண்டாக்களும் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் வந்தன. போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறிய விமானம். இருபது நிமிடப் பயணம். ஆனால் காலையில் மட்டும்தான் பறக்கும். அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் நடுவே காளி கண்டகி அறுத்திருக்கிற பள்ளத்தாக்கு உலகின் மிக ஆழமானவற்றுள் ஒன்று. வெயில் ஏற ஏற வடக்கே திபெத் பக்கத்து நிலம் சூடாகி, தெற்கிலிருந்து காற்றை அந்தச் சந்து வழியாக இழுக்கிறது. பத்துப் பதினொரு மணிக்கு மேல் விமானி எவரும் அதில் இறங்கத் துணிய மாட்டார். நாங்கள் போனபோது காலையிலேயே மேகம் மூடியிருந்தது. விமானம் இல்லை. ஜீப்பில் போவதென்று முடிவாயிற்று.

பேனி வரை சாலை. அதற்கு மேல் சாலை என்று பெயர். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு, நடுவே ஒரு வண்டி போகும் அகலத்துக்குச் சேறும் கல்லும். கஸா என்ற இடத்தில் வண்டி மாறினோம். மழையாகத் தொடங்கியது ஏற ஏறக் கெட்டியாயிற்று. களோபானிக்குள் நுழையும்போது வானத்திலிருந்து யாரோ ரவை சலிப்பதுபோல் விழுந்துகொண்டிருந்தது. முதல் அரை மணி நேரம் எல்லோரும் கையை நீட்டிச் சிரித்தோம். பிறகு ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை. முன்னால் போன லாரி குறுக்கே திரும்பி நின்றது. அதற்கப்பால் சாலையும் சரிவும் ஒன்றாகிவிட்டன. எது பள்ளம், எது பாதை என்று பிரித்துச் சொல்ல ஒரு கோடும் மிஞ்சவில்லை.

தகாலி இனத்துப் பெண்மணி ஒருவர் நடத்திய விடுதியில் தங்கினோம். நாங்கள் அவரை தீதி என்றோம். அவர் அத்தையை ஆமா என்றார், நேபாளியில் அம்மா. சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு கரிக்கணப்பு. மேசையின் நான்கு பக்கமும் கம்பளி தொங்கும். கம்பளிக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முழங்கால் வரை சூடு. எங்கள் சமையல்காரர் அவர் அடுப்பில் மிளகு ரசம் வைத்தார். தீதி அதைக் குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டார். இரவு முழுக்கக் கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு முறையும் அத்தை "நாராயணா" என்பாள்.

மறுநாள் விடிந்தபோது வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது. சண்டை அப்போதுதான் தொடங்கியது. எங்கள் குழுவில் சிலருக்கு இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஆற்றோரமாகவே நடந்தால் ஜோம்சோம் போய்விடலாம், மேலே வெயில் அடிக்கிறது, இதைவிட நல்ல நாள் கிடைக்குமா என்றார்கள். தீதி வாசலில் நின்று எதிர்ச் சரிவைக் காட்டினார். ஹிந்தியும் கையசைவுமாக அவர் சொன்னது: பழைய பனி கெட்டிப்பட்டு வழுவழுவென்று கிடக்கிறது, நேற்று விழுந்தது அதன்மேல் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது, வெயில் பட்டால் அப்படியே கிளம்பும். பனி கொட்டும்போது பயப்படுகிறவர்கள் கொட்டி நின்றதும் பயம் விட்டுப் புறப்படுகிறார்கள். மலை அவர்களைத்தான் எடுத்துக்கொள்கிறது. மத்தியானம் தூரத்தில் ஒரு முழக்கம் கேட்டது. ஆற்றுக்கு அக்கரையில் சரிவு ஒன்று புகையாய் இறங்கி, சிறிது நேரத்தில் அடங்கியது. அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மேலே போகும் பாதை திறக்கவில்லை. கீழே போகும் பாதை முதலில் திறந்தது. திரும்பும் ரயிலுக்கு டிக்கெட் இருந்தது, இரண்டு பேருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. குழுவை அழைத்து வந்தவர் யாரைக் கேட்பது என்று தெரியாமல், வயதில் மூத்தவள் என்று அத்தையைக் கேட்டார். அவள் கோட்டுக்குள் கையை வைத்தபடி வடக்குப் பக்கம் பார்த்துச் சேவித்தாள். பிறகு சொன்னாள்: "திரும்பிடலாம். பெருமாள் எங்கேயும் போயிட மாட்டார். நம்மைத்தான் ஆத்துல எதிர்பார்த்துண்டு இருப்பா."

மலையில் அவள் அழவில்லை. மயிலாப்பூருக்கு வந்த பிறகுதான் அழுதாள். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "தரிசனம் ஆச்சா?" கோயில் வாசலில், பூக்கடையில், காய்கறி வாங்குகிற இடத்தில். இல்லை என்றதும் "அடடா" என்று ஒரு பரிதாபம். இன்னும் சிலர், "பிராப்தம் இல்லை போலிருக்கு" என்றார்கள். பனியில் வழுக்காமல் வந்தவளை அந்தச் சொல் அடித்துப் போட்டது. பெருமாளுக்குத் தன்மேல் விருப்பமில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அவளைத் தேற்றியது ஒரு சைவர். தெருமுனையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் வாத்தியார் ஐயா. கயிலையே மயிலை என்று கபாலி கோயிலைச் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் பேச்சில் முழு நம்பிக்கை உள்ளவர். அவர் திண்ணையில் உட்கார்ந்து அத்தைக்கு அப்பரின் கயிலைப் பயணத்தைச் சொன்னார். சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துச் சொல்லும் கதை. காளத்தியும் காசியும் கடந்து, துணையின்றி, முதுமையில் வடக்கே போகிறார் நாவுக்கரசர். பாதம் தேய்ந்துவிடுகிறது; கைகளால் ஊர்கிறார். கைகள் தேய்கின்றன; மார்பால் நகர்கிறார். அதுவும் முடியாமல் புரள்கிறார். ஒரு முனிவர் எதிரே வந்து, மனித உடம்பு அடையக்கூடிய இடம் அது இல்லை, திரும்பிப் போ என்கிறார். ஆண்டவனின் இருக்கையைக் காணாமல் திரும்ப மாட்டேன் என்கிறார் அப்பர். முனிவராய் வந்தவன் இறைவன். அங்கே ஒரு குளத்தைக் காட்டி மூழ்கச் சொல்கிறான். மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுகிறார். அங்கே கயிலைக் காட்சி கிடைக்கிறது.

இந்தக் கதை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். வாத்தியார் ஐயா அழுத்திச் சொன்ன இடத்தை நான் கவனித்ததில்லை. "அம்மா, அவர் திரும்ப மறுத்தார், உண்மைதான். அந்த உறுதியை மெச்சிய இறைவன் என்ன செய்தான்? மலை உச்சிக்குத் தூக்கிக்கொண்டா போனான்? சோழநாட்டுக்கே திருப்பி அனுப்பினான். சொந்த மண்ணில் வைத்துக் காட்டினான். பாதி வழியில் திரும்பியவருக்குக் காட்சி இல்லை என்று எங்கள் புராணம் சொல்லவில்லையே." அத்தை நெடுநேரம் பேசாமல் இருந்தாள். அன்று சாயங்காலம் கேசவப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள் முகம் தெளிந்திருந்தது.

இதெல்லாம் நடந்த பிறகுதான் ஹுத்ஹுத். அத்தையின் போனுக்குப் பிறகு நான் அந்தச் செய்தியை விடாமல் படித்தேன். விசாகப்பட்டினத்தில் கரையேறிய புயல் காற்றின் வேகத்தை இழந்தது, ஈரத்தை இழக்கவில்லை. வங்கக் கடலில் குடித்த நீரைச் சுமந்துகொண்டு மத்திய இந்தியாவின் மேலாக வடக்கே நகர்ந்தது. மேற்கிலிருந்து வந்த குளிர்ந்த மேலடுக்குக் காற்று அதை இமயத்தின் பக்கம் இழுத்தது. மலை அந்த ஈரத்தை மேலே தள்ள, உயரத்தில் அது உறைந்து அக்டோபர் 14ஆம் தேதி பனியாகக் கொட்டியது. முக்திநாத்துக்குக் கிழக்கே, 5,416 மீட்டர் உயரத்தில் தோரோங் கணவாய். அக்டோபர் என்பது மழை ஓய்ந்து வானம் துலங்கும் மாதம். மலை நடைக்கு அதைவிட நல்ல பருவம் இல்லை என்று உலகம் முழுவதிலுமிருந்து வந்தவர்கள் அன்று அந்தக் கணவாயில் இருந்தார்கள். இடுப்பளவு பனியில், ஒன்றும் தெரியாத வெண்மையில், முக்திநாத் பக்கமாக இறங்கும் வழியிலேயே பலர் விழுந்தார்கள். அந்த வட்டாரத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்: நேபாள வழிகாட்டிகள், சுமை தூக்குவோர், இஸ்ரேலியர், கனடியர், இந்தியர். நூற்றுக்கணக்கானவர்களை ஹெலிகாப்டர்கள் மீட்டு வந்தன.

விசாகப்பட்டினத்துக்கு எச்சரிக்கை பல நாள் முன்பே போயிருந்தது. கரையோரத்திலிருந்து லட்சக்கணக்கானவர்களை அப்புறப்படுத்தினார்கள். அதே புயல் மலைக்குப் போகிறது என்ற எச்சரிக்கை கணவாயில் நடந்துகொண்டிருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கரையைக் கடந்ததும் புயலின் கதை முடிந்தது என்று நாம் நினைப்பதன் விலை அது. மெரினாவில் காலை நனைக்கிற கடலின் நீர்தான் அங்கே பனியாய் விழுந்தது. சாளக்கிராமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தை மகன் சொன்னது எனக்கு அப்போது முழுதாகப் புரிந்தது. கடல் ஒருமுறை மலையாகி நின்றுவிடவில்லை. ஒவ்வொரு வருடமும் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஜோம்சோமுக்கு மேலே நிற்கிற சிகரத்துக்கு நீலகிரி என்று பெயர், 7,061 மீட்டர். படத்தில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் நீலகிரி நினைவுக்கு வரும்; வெலிங்டனும், அங்கே இருக்கிற மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையமும். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில், ஏறக்குறைய 19,600 அடி உயரக் காவல் நிலை ஒன்றில், அந்த ரெஜிமெண்டின் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பத்து வீரர்கள் மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. அவர்களில் நால்வர் தமிழ்நாட்டினர். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள் என்றபோது அத்தை விளக்கேற்றினாள். பிப்ரவரி 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். நாங்கள் நினைத்தால் திரும்பலாம்; திரும்ப உரிமை இல்லாமல் அங்கே நிற்பவர்களும் உண்டு. அன்று அத்தை அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

திரும்புவதும் காத்திருப்பதும் மலைக்கு மட்டும் உரியதில்லை என்பதை அதற்குச் சில மாதம் முன்பே சென்னை கற்றிருந்தது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாறு கரை புரண்டு, கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் முதல் மாடி வரை நீர் ஏறியது. அத்தை மகன் கிண்டிப் பக்கம் மாட்டிக்கொண்டான். சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டிவிட்டால் வீடு. போன் உயிரோடு இருந்த கடைசி நிமிடத்தில் அத்தை அவனிடம், "களோபானியை நினைச்சுக்கோ, நின்ன இடத்துல நில்லு" என்றாள். அவன் நின்றான். அறிமுகமில்லாத ஒருவர் வீட்டு மாடியில் விடியும் வரை இருந்துவிட்டு வந்தான். களோபானிக்கு அவன் போனதே இல்லை. அம்மா சொல்லிக் கேட்டதுதான்.

இப்போது மலைக்குப் போவது எளிதாகிவிட்டது. ரோதாங் கணவாய்க்கு அடியில் 9 கிலோமீட்டர் நீளத்துக்குக் குடையப்பட்ட அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்டது. தி. நகரிலும் அடையாறிலும் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் புத்தாண்டுக்கு மணாலி போகிறார்கள். சுரங்கத்துக்குள் பனி விழாது. அதை அடைகிற சாலையில் விழும். 2024 டிசம்பர் கடைசியில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் சிக்கிக்கொண்டன. போலீசார் இரவெல்லாம் நின்று மக்களை இறக்கினார்கள். பகலில் லேசாக உருகிய பனி அந்தி சாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாக உறைகிறது. நம் ஊர்க்காரர் பழக்கத்தில் பிரேக்கை அழுத்துவார். வண்டி அப்படியே பக்கவாட்டில் போகும். அங்கே உள்ளவர்கள் டயருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு, கீழ் கியரில் ஊர்ந்து இறங்குகிறார்கள். முடியாது என்றால் வண்டியை எடுப்பதே இல்லை.

அத்தை முக்திநாத்துக்கு மறுபடி போகவில்லை. உடம்பு இடம் கொடுக்கவில்லை. கணக்கு அந்த ஒன்றில் நின்றபடியே பரமபதம் போய்விட்டாள். பரமபதம் ஆயிற்று, பாற்கடலும் ஆகியிருக்கும் என்று வாத்தியார் ஐயா சொன்னார்.

மயிலாப்பூரில் இன்றும் யாத்திரைக் குழுக்கள் கிளம்புகின்றன. வழியனுப்பப் போகிறபோது நான் இரண்டு விஷயம் சொல்கிறேன். முதலாவது: வங்கக் கடலில் புயல் இருந்தால், அது எங்கே கரையைக் கடக்கிறது என்பதோடு நிறுத்தாமல், கடந்த பிறகு எந்தப் பக்கம் போகிறது என்றும் கேளுங்கள். இரண்டாவது: அங்குள்ளவர்கள் நில் என்றால் நில்லுங்கள், இறங்கு என்றால் இறங்குங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மலையிலிருந்து வருகிறவர்களிடம் தரிசனம் ஆயிற்றா என்று முதலில் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி தங்களுக்காக வாசலில் காத்திருக்கிறது என்ற பயத்திலேயே பலர் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் போகிறார்கள். சௌக்கியமாக வந்து சேர்ந்தீர்களா என்று கேளுங்கள். பாதியில் திரும்பி வந்திருந்தால், அவர்களை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு உள்ளே அழையுங்கள்.